ஆயிரத்து ஒன்றாவது அடி

அம்பத்தூரில் கரண்ட் ஒருநாளும் ஒழுங்காக ஐம்பது சைக்கிள் இருந்ததில்லை. நொடிக்கு ஐம்பது முறை துடிக்க வேண்டும் என்பது கணக்கு. கோடை நெருங்கிவிட்டால் நாற்பத்தெட்டரைதான். கரண்டை நம்பி ஓடும் கடிகாரமெல்லாம் இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் மதியத்துக்குள் பத்து நிமிடம் பின்தங்கிவிடும். சங்கு ஊதுகிறவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஊதிவிடுவார் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். என் வேலை அது.

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் மேசைமேல் இருக்கிற அந்த எலெக்ட்ரானிக் பலகை நான் செய்ததுதான். அதில் சந்தேகமே வேண்டாம். ஓரத்தில் சிவப்பு நகப்பாலிஷ் பொட்டு இருக்கிறதே, அது எங்கள் டைமர் கம்பெனி வழக்கம். போர்டைச் சோதித்து முடித்ததும் திருகாணிமேல் ஒரு பொட்டு வைத்து, செய்தவன் அதன் பக்கத்தில் தன் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். எ. ஜெயபால், 5.2.90. இந்தப் போர்டுக்கு அப்படி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. பதினான்கு வருடப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. தகடு வளைக்கும் அந்தப் பழைய பிரஸ்ஸை விலைக்கு வாங்கினவர் அதன் கரண்ட் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, என்னவென்று புரியாமல் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறார். ஏழு வருடமாக அது உள்ளேயே இருந்திருக்கிறது. நான் எப்போதோ கழற்றிப் போட்டிருக்கலாம். நல்ல வேலைப்பாடு, மனம் வரவில்லை. ஒரே ஒரு ஒயரை மட்டும் உருவிவிட்டு வந்தேன்.

டிவைடர் என்றால் என்ன என்று கேட்டீர்கள். உள்ளே வருகிற துடிப்பை எண்ணிக்கொண்டே இருக்கும். சொன்ன எண்ணிக்கை நிறைந்ததும் வெளியே ஒன்றே ஒன்று தரும். கரண்டின் ஐம்பது துடிப்பை ஐம்பதால் வகுத்தால் ஒரு நொடி. அந்த நொடியை அறுபதால் வகுத்தால் நிமிடம். அவ்வளவுதான். அதற்கு ஆசை கிடையாது, கோபம் கிடையாது. எண்ணும். இதைச் சொல்லிவைப்பது நல்லது என்று தோன்றுகிறது.

துலுக்கானத்தை நான் முதலில் பார்த்தது எண்பத்தாறில். எங்கள் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பிரஸ் ஷாப். தகட்டை உள்ளே வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால், நூறு டன் எடை இறங்கி அதை ஃபேன் மூடியாக வளைத்துவிடும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால்தான் மெஷின் இறங்கும்; ஒரு அழுத்தலுக்கு ஒரு அடிதான் அடிக்கும். ஆளுக்கு அதுதான் பாதுகாப்பு. நூறு அடிக்கு ஒருமுறை அதற்கு எண்ணெய் விட வேண்டும். அந்த நூறை எண்ணுகிற டிவைடரை மாட்டத்தான் நான் போயிருந்தேன். மாட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, மெஷினில் நின்றவன் தலையைத் திருப்பாமலே பேசினான்.

“அண்ணாத்தே, உன் டப்பா நூத்தி ஒண்ணுலதான் எண்ணெய் வுடுது. ஒண்ண முழுங்கிடுது.”

காகிதத்தில் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடி விட்டுப்போயிற்று. எண்ணிக்கொண்டே வேலை செய்கிறாயா என்று கேட்டேன். “எண்றது இன்னாத்துக்கு? காதுல வுழுது” என்றான். மேனாம்பேட்டுக்காரன். அவன் அப்பா வரை வயல் வேலை. தொழிற்சாலைக்கு வந்தது அவன்தான் முதல். அவனுக்கு இடதுபக்கம் ஒரு சின்னப் பிரஸ் மூன்று அடிக்கும் நேரத்தில் இவனுடையது நான்கு அடிக்குமாம். இரண்டும் சேர்ந்து விழும் அந்த ஒரு அடிக்காகவே காலையில் வேலைக்கு வருவதாகச் சொல்லிச் சிரித்தான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். காட்டுவதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. ரிச்சி தெருவில் ஐசி என்கிற சில்லுகளை வாங்கி, பழைய புத்தகக் கடையில் கிடைத்த வெளிநாட்டு எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையைப் பார்த்து, ஏழு வருடமாக நான் செய்துகொண்டிருந்த இசைப் பெட்டி. ஒரே வாத்தியமாக இருக்காது. தனித்தனிப் பலகைகள்: ஒன்று சுருதி எழுப்பும், ஒன்று அந்தச் சத்தத்தை மழுக்கும், ஒன்று துடிப்பைத் தரும், நான்கு பலகை அந்தத் துடிப்பை நாம் சொல்லும் எண்ணால் வகுக்கும். எதிலிருந்து எதற்கு ஒயர் போடுகிறோமோ அப்படிப் பாடும். வெளிநாட்டில் இதற்கு மாட்யூலர் சிந்தசைசர் என்று பெயர். எங்கள் வீட்டில் அதற்கு ஒயர்ப் பெட்டி என்று பெயர். அந்தப் பெயரை என் மனைவி ஜெயகுமாரி வைத்தாள்.

அவள் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவள். நான் பெட்டியில் வாசித்ததை ஏழு வருடத்தில் ஒருமுறைகூட நின்று கேட்டதில்லை. நான் துடிப்பை இரண்டால், நான்கால், எட்டால், பதினாறால் வகுப்பேன். இரண்டில் தாளம், நான்கில் மத்தளம், எட்டில் மணி. எல்லாம் ஒன்றன் காலில் ஒன்று சரியாக நிற்கும். ஒரு பிசிறு இருக்காது. “ஆவடி பரேடு மைதானத்துக்குப் பக்கத்துல குடியிருக்கிற மாதிரி இருக்குங்க” என்று அவள் சொன்னாள். நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பரேடு நன்றாகத்தானே இருக்கும்.

துலுக்கானம் பெட்டியின் முன் உட்கார்ந்தான். ஐந்து நிமிடம் எதையும் தொடவில்லை. பிறகு எட்டுக்குப் போகிற ஒயரைப் பிடுங்கி மூன்றில் சொருகினான். இன்னொன்றை ஐந்தில் சொருகினான். தப்பு, இரண்டும் ஒத்துப்போகாது என்றேன். “எப்பயாச்சும் ஒத்துப்போவும் இல்ல அண்ணாத்தே, அப்ப நல்லா இருக்கும்” என்றான். பதினைந்து துடிப்புக்கு ஒருமுறை இரண்டும் கைகோத்துக்கொண்டன. நடுவில் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி விலகி நடந்தன. நான் செய்த அதே பலகைகள்தான்.

ஞாயிறுதோறும் வந்தான். ஒவ்வொரு ஞாயிறும் நான் யோசிக்காத ஒன்றைச் செய்தான். முப்பத்திரண்டால் வகுத்த துடிப்பை மணியில் போடாமல் சுருதிக்குக் கொடுத்தான். வெகுநேரத்துக்கு ஒருமுறை பாட்டு முழுவதும் ஒரு படி இறங்கி வேறு இடத்தில் போய் நின்றது. ஒரு டிவைடரின் முடிவை எடுத்து இன்னொரு டிவைடரைப் பாதி எண்ணிக்கையிலேயே பூஜ்யத்துக்குத் தள்ளினான். தாளம் தடுக்கி விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே எழுந்து நடந்தது. ஒருநாள் கேட்டான்: “துடிப்பு போற ஓட்டைல சுதியையே வுட்டா இன்னா ஆவும்?”

டிவைடர் அதற்கு இல்லை என்றேன். விட்டுப் பார்த்தான். சுருதி என்பதும் வேகமான துடிப்புதானே. இரண்டால் வகுத்தது அதே சுரத்தைக் கீழ் ஸ்தாயியில் பாடியது. மூன்றால் வகுத்தது அதற்கும் கீழே போய்ப் பொருந்தி நின்றது. மூன்றையும் சேர்த்து அவன் திறந்துவிட்டபோது, சமையலறையிலிருந்து ஜெயகுமாரி கையில் மாவோடு வந்து நின்றாள்.

“யாரு ஆர்மோனியம் வாசிக்கிறது?”

“பொட்டிதான் அண்ணி. அண்ணன் செஞ்ச பொட்டி” என்றான் துலுக்கானம்.

அவள் உட்கார்ந்தாள். ஏழு வருடத்தில் முதல்முறையாக அந்த அறையில் உட்கார்ந்தாள். கையில் மாவு காய்கிற வரை கேட்டாள். எனக்குப் பொறாமை வந்தது. அதற்கு வேறு பெயர் வைத்து உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. அவன் என்னுடைய பெயரைத்தான் சொன்னான், அதுவும் பொறுக்கவில்லை. தப்பாக நினைத்துவிடாதீர்கள், என் மனைவி அப்பழுக்கற்றவள், அவனும் அப்படித்தான். அவர்கள் இருவருக்கும் நடுவில் என் பெட்டி இருந்தது, நான் இல்லை. அதுதான் விஷயம்.

எண்பத்தொன்பது கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் கிறிஸ்து பிறப்புக் குடில் போட்டி. வழக்கம்போல் நான் சீரியல் லைட்டும் இசையும் வைப்பதாக ஏற்பாடு. பதினாறு துடிப்புக்கு ஒருமுறை குடிலின் மேல் நட்சத்திரம் எரியும்படி செய்திருந்தேன். துலுக்கானம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்: “நச்சத்திரம் அடிக்கடி வந்தா யாரு அண்ணாத்தே மதிப்பாங்க?”

அவன் மூன்று டிவைடரை எடுத்தான். ஒன்று ஏழு, ஒன்று பதினொன்று, ஒன்று பதின்மூன்று. ஏழில் சின்ன மணி. பதினொன்றில் அடிவயிற்றுச் சத்தம். பதின்மூன்றில் புல்லாங்குழல் மாதிரி ஒரு மூச்சு. இரண்டு சேருவதே அபூர்வம். மூன்றும் சேருவது ஆயிரத்து ஒன்றாவது துடிப்பில்தான். நொடிக்கு நான்கு துடிப்பு என்று வைத்தால் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை. அப்போதுதான் நட்சத்திரம் எரியும், பெரிய மணி அடிக்கும். ஏழைப் பதினொன்றால் பெருக்கி, அதைப் பதின்மூன்றால் பெருக்கிப் பார்க்க எனக்குக் காகிதம் வேண்டியிருந்தது. அவன் காதாலேயே அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தான்.

மற்றக் குடில்களைப் பார்த்துவிட்டு நகர்ந்த ஜனம் எங்கள் குடிலின் முன் நின்றது. குழந்தைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு சத்தம் சேரும்போதெல்லாம் “வரப்போகுது” என்று யாராவது சொல்வார்கள், வராது. வந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. ஜெயகுமாரி மூன்று நட்சத்திரம் பார்க்கும்வரை நின்றாள். மூன்றாவதில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று முதல் பரிசு கொடுத்தார்கள். பூசை முடிந்து வெயிலில் வீட்டுக்கு நடந்தோம். “அந்தத் தம்பிக்கு ஆண்டவர் காதைக் குடுத்திருக்காரு” என்றாள். எனக்கு என்ன கொடுத்தார் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அவள் யோசித்தாள். “உங்களுக்குக் கை குடுத்திருக்காருங்க. நல்ல கை.”

என்னைப் பாராட்டித்தான் சொன்னாள். நான் வீடு வரும்வரை என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் வடபழனியிலிருந்து லோகநாதன் என்று ஒருவர் வந்தார். நாடகங்களுக்கும் பக்திக் கேசட்டுகளுக்கும் பின்னணி இசை செய்கிறவர். குடிலைப் பார்த்த யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். வரவேற்று உட்கார வைத்து, ஒவ்வொரு பலகையாக விளக்கினேன். பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு துலுக்கானம் ஒயர் மாற்றினான். பத்து நிமிடம் கழித்து லோகநாதன் எழுந்துபோய் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டார். மார்ச் ஒன்றாம் தேதியிலிருந்து தன்னோடு வந்துவிடச் சொன்னார். என்னிடம் திரும்பி, “நீங்கதான் ரிப்பேர் பாக்கறவரா? அப்பப்ப வந்து பாத்துக்குங்க சார்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சார் என்றார்.

அவர் போன பிறகு துலுக்கானம் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். “நீயும் வா அண்ணாத்தே. நீ இல்லாங்காட்டி எனக்கு ஒயரு எங்க போவுதுன்னே தெரியாது. பொட்டிய மட்டும் தனியா இட்டுகினு போவ மனசு வரல” என்றான். எடுத்துக்கொண்டு போ, நான் வேறு செய்துகொள்கிறேன் என்றேன். அவன் கண் கலங்கியது. பெட்டியை இனிமேல் வேறு இடத்தில் வேறு ஆட்கள் கேட்பார்கள், அதைத் துலுக்கானத்தின் பெட்டி என்பார்கள், ஜெயகுமாரி ரேடியோவில் அது வரும்போது கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள். எனக்கு இவ்வளவும் அப்போதே தெரிந்துவிட்டது.

பிப்ரவரி ஐந்தாம் தேதி திங்கட்கிழமை, பிரஸ் ஷாப்பிலிருந்து எண்ணெய் டிவைடரைச் சர்வீஸ் செய்யக் கூப்பிட்டார்கள். மாலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மெஷினின் கரண்ட் பெட்டியைத் திறந்தேன். சர்வீஸ் செய்தேன். கூடவே அந்தப் பலகையையும் வைத்தேன்.

என்ன செய்யும் என்று உங்கள் இன்ஜினீயர் ஏற்கெனவே சொல்லியிருப்பார். அது மெஷினின் அடிகளை எண்ணும். ஒரு ரிலே, அதாவது கரண்ட் பட்டதும் தானாகத் தட்டும் சுவிட்ச், ஏழாவது அடியில் மூடும், ஒன்று பதினொன்றாவதில், ஒன்று பதின்மூன்றாவதில். மூன்றும் ஒரே சமயத்தில் மூடினால், ஒரு அழுத்தலுக்கு ஒரு அடி என்ற அந்தப் பூட்டு ஒரு கணம் திறந்துகொள்ளும். மெஷின் கேட்காமலே இன்னொரு முறை இறங்கும். ஆயிரத்து ஒன்றுக்கு ஒருமுறை. மற்ற ஆயிரம் அடிக்கும் அது எந்தத் தொந்தரவும் தராது.

ஆளைக் குறிவைத்தேன் என்று தயவுசெய்து எழுத வேண்டாம். நான் ஒரு எண்ணைத்தான் வைத்தேன். இரண்டாவது ஷிஃப்டில் கஜபதி என்ற பெரியவர் அதே மெஷினில் நிற்பார். நிதானமான மனிதர், ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு அடியைத் தாண்டமாட்டார். ஷிஃப்ட் முடிந்து மெயினை நிறுத்தியதும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆக, அவருக்கு ஒன்றும் ஆகாது. இதை நான் மூன்று முறை சரிபார்த்தேன். அந்த ஷாப்பில் ஆயிரத்தைத் தாண்டுகிறவன் துலுக்கானம் ஒருவன்தான், ஆயிரத்து இருநூறு அடிப்பான். எல்லாரையும்போல் வேலை செய்திருந்தால் அவனும் வீட்டுக்கு முழுசாகத்தான் போயிருப்பான். அவ்வளவு வேகம் அவனுக்குத் தேவையில்லாதது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று. எண்ணிக்கை பூஜ்யம். புதன்கிழமையும் போயிற்று. வியாழக்கிழமை பன்னிரண்டே காலுக்கு, ஏறத்தாழ எல்லாம் முடிகிற நேரத்தில் போயிற்று. எங்கள் கம்பெனியில் எல்லாரும் மின்வாரியத்தைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

வெள்ளிக்கிழமை கரண்ட் போகவில்லை. நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். ஜெயகுமாரி குழம்பு ஊற்றினாள். தட்டைத் தொடாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கரண்டில் ஓடுகிற கடிகாரம், நான் செய்தது, பத்து நிமிடம் பின்னால் இருக்கும் என்பதை நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். ஒன்றேகாலுக்கு எஸ்டேட் பக்கம் சங்கு விட்டுவிட்டு ஊதியது. அப்படி ஊதினால் விபத்து. அதன் பிறகு சாப்பிட்டேன்.

வளைந்த தகட்டை வெளியே எடுக்க இரண்டு கையும் உள்ளே இருந்திருக்கின்றன. வலது கை மணிக்கட்டோடு போயிற்று. இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று ஒரு தரப்பும், ஆள் கவனக்குறைவு என்று இன்னொரு தரப்பும் எழுதினார்கள். தேய்ந்த கிளட்ச்சை மாற்றும்போது பெட்டியைத் திறந்து பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். அப்போதுதான் அந்த ஒயரை உருவினேன். பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உருவிய பிறகு அது உண்மையும்கூட.

ஆஸ்பத்திரிக்கு ஜெயகுமாரியோடு போனேன். கஞ்சி ஊட்டினாள். அவன் அம்மா அங்கம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். துலுக்கானம் என்னை வெகுநேரம் பார்த்தான். கடைசியில் மெதுவாக, “எண்ணிக்க தப்பல அண்ணாத்தே” என்றான். அதற்குப் பிறகு இந்த ஏழு வருடத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வலியில் ஏதோ உளறுகிறான் என்று ஜெயகுமாரி நினைத்தாள். எனக்கு அது ஒரு நல்ல சொல்லாகத்தான் கேட்டது.

லோகநாதன் ஒருமுறை வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவனுக்கு ஊனமுற்றோருக்கான ஒதுக்கீட்டில் எஸ்.டி.டி பூத் வாங்கிக் கொடுக்க அலைந்தது நான். மேனாம்பேட்டு பஸ் ஸ்டாப்பில் இருக்கிறது, நீங்கள் விசாரிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பூத்தை மூடிவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவான். பெட்டியின் முன் கண்ணை மூடி உட்காருவான். “ஏழுல கீறத எடுத்து அந்த மூச்சு பலகைல போடு. இன்னும் கொஞ்சம் திருப்பு. போதும்” என்பான். நான் போடுவேன். இப்போது பெட்டியைத் தொடுகிற கை என் கை மட்டும்தான். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அவன் காதை நான் தொடவில்லை, பாருங்கள். ஜெயகுமாரி இன்றைக்கும் வந்து உட்காருகிறாள். உட்கார்ந்து அவன் முகத்தைத்தான் பார்க்கிறாள். போன மாதம் ஒருநாள் பாட்டு முடிந்ததும் என்னிடம் கேட்டாள்: “அன்னிக்கு ஏன் சாப்பிடாம மணி பாத்துக்கிட்டு இருந்தீங்க?” ஏழு வருடம் கழித்துக் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள்.

உங்கள் கேள்விகள் முடிந்துவிட்டன. நீங்கள் கேட்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. உங்கள் இன்ஜினீயர் நல்லவராக இருந்தால் அவரே கேட்டிருப்பார். மூன்று ரிலே எதற்கு? மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு ஐசி போதும். சத்தமே போடாது, நகத்தளவு இடம். ரிலே ஒவ்வொரு முறையும் டிக் என்று தட்டும். ரகசியமாக ஒன்றைச் செய்கிறவன் ரிலே போடமாட்டான். கையில் ரிலேதான் இருந்தது என்று இவ்வளவு நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். என் மேசை டிராயரில் நாற்பது ஐசி இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம், அந்த மூன்றாவது கரண்ட் கட்டுக்குப் பிறகு, துலுக்கானம் எங்கள் கம்பெனி வாசலில் எனக்காகக் காத்திருந்தான். முகமெல்லாம் சிரிப்பு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தான்.

“மிஷின்ல ஏழும் பதினொண்ணும் பதிமூணும் வெச்சிருக்கே இல்ல? மூணு நாளா கேட்டுகினு கீறேன். டிக்கு டிக்குன்னு உள்ள தட்டுது. நான் போறேன்னுதானே எனக்கோசரம் வெச்சே? என் பாட்டுன்னாலும் இது உன் கை அண்ணாத்தே, உன்னுது வேற மாரி கீது. சூப்பரா கீது.”

நான் நடையை வேகப்படுத்தினேன். அவன் விடவில்லை.

“டெய்லி கரெண்டு போயி கெடுத்துடுது. ஆயிரத்தி ஒண்ணுக்கு போவவே வுடல. அங்க இன்னா வெச்சிருக்கே? மணியா?”

மூன்று நாளில் நான் பலகையை எடுத்துவிடலாம் என்று மூன்று முறை நினைத்திருந்தேன். அதற்கு அப்போதும் நேரம் இருந்தது. இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கியிருந்தது, ஏதாவது சொல்லிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். அவனிடமே சொல்லியிருக்கலாம், ஆயிரத்தில் நிறுத்திவிடு என்று. ஒரு வார்த்தை போதும். ஆனால் அவன் அதற்கு முன் ஒருநாளும் நான் செய்த தாளத்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, ஐயா. யாரும் சொன்னதில்லை.

நாளைக்குக் கடைசிவரைக்கும் கேட்டுப் பார் என்றேன். அவன் கேட்டான். இந்த ஊரில் என் பாட்டை முழுசாகக் கேட்டவன் அவன் ஒருவன்தான், அதற்காக அவனுக்கு நான் என்றைக்கும் நன்றியுள்ளவனாக இருப்பேன்.